கொச்சியில் இருக்கும் என் அண்ணன்

பட்டினச்சேரி
20.4.2025

இதனால் சகலருக்கும் ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், அரசாங்கம் இலவசமாகக் கொடுத்ததும், தேங்காய்ச் சில்லுகளோடு பல வருடம் ஓயாமல் போராடியதுமான நமது குடும்ப மிக்சி அவர்கள், நேற்றுக் காலை மீன் குழம்புக்கு மசாலா அரைக்கும்போது லேசாகப் புகைவிட்டு இயற்கை எய்தினார். அன்னாரின் உடல் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துச் செல்லப்பட்டது. முன்னாள் அம்மி மீண்டும் பதவி ஏற்றுக்கொண்டது.

அன்புள்ள அண்ணனுக்கு, தம்பி சிலம்பரசன் வணக்கம். மிக்சி நீங்கலாக இங்கே எல்லோரும் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது.

அந்த மறுவாழ்வு இல்லத்தில் செல்போன் கூடாது, கடிதம்தான் அனுமதி என்று அம்மா வந்து சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடியை நிறுத்தப் போன இருபத்து நாலு வயது ஆளை நேராகத் தந்தி காலத்துக்கே அனுப்பிவிட்டார்களே! பரவாயில்லை. இங்கேயும் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் தொடங்கிவிட்டது. படகுக்கு மீன் தடை, உனக்குப் பாட்டில் தடை. இரண்டு பேரும் கரையில் கட்டிக் கிடங்கள்.

இப்போது முக்கியச் செய்தி. வேனில் ஏறும்போது என் சட்டையைப் பிடித்து, "நான் பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்குறது ஊருக்குத் தெரிஞ்சுது, அப்புறம் இந்த மண்ணை மிதிக்க மாட்டேன்டா" என்றாய் அல்லவா? அந்த இலாகாவை நான் ஏற்றுக்கொண்டேன். அம்மா, "சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கான்னு சொல்லுவோம்" என்றாள். அதில் என்ன கெத்து இருக்கிறது? தடைக்காலம் வந்தால் நம் கரையில் பாதிப் பேர் கேரளாவுக்குப் படகு வேலைக்குப் போகிறவர்கள்தானே? உன்னைக் கொச்சிக்கு அனுப்பிவிட்டேன். பெரிய விசைப்படகு. முதலாளி உன்னை "மோனே" என்றுதான் கூப்பிடுகிறார். ஊர் அப்படியே விழுங்கிவிட்டது, முள்ளைக்கூடத் துப்பவில்லை.

மாசி மகத்தன்று நடந்ததைத்தான் இன்னும் பேசுகிறார்கள். திருக்கண்ணபுரத்துப் பெருமாள் நம் குலத்துப் பெண்ணைக் கட்டியவர், வருடத்துக்கு ஒருமுறை மாமனார் ஊர்க் கடற்கரைக்கு வருகிறவர், ஊரே "மாப்பிள்ளை வர்றாரு" என்று ஓடுகிறது, நீ பல்லக்கின் முன்னால் குறுக்கே நின்று, "மச்சான், நில்லு! என் காதுக்குள்ள ஒருத்தன் கத்துறான், அவனை நிறுத்தச் சொல்லிட்டு அப்புறம் போ" என்றாயே, அதை. நான் அப்போது எங்கே இருந்தேன் என்று கேட்காதே. முன்வரிசையில் தைரியமாக நின்றுகொண்டிருந்தேன்.

அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். அப்பா நலம். வலை தைக்கிறார்.

இப்படிக்கு,
உன்னை நாடு கடத்திய தம்பி,
சிலம்பு


மறுவாழ்வு இல்லம்,
தஞ்சாவூர் வழி
2.5.2025

தம்பி சிலம்புவுக்கு அண்ணன் எழுதுவது.

நீ, அம்மா, அப்பா எல்லோரும் சுகம்தானே. நான் இருக்கிறேன். எழுத்து கோணலாக இருக்கும். கை நடுங்குகிறது. முதல் வாரம் டம்ளரைப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. இப்போது ஒரு கை போதும்.

மிக்சி செத்ததைப் படித்து வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் காரைக்கால் தையல்காரர் ஜெகபர் சாதிக் பாய் இருக்கிறார். எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, மறுபடியும் குரல் கேக்குதா?" என்றார். "இல்ல பாய், கடுதாசி" என்றேன். இங்கே தனியாகச் சிரிப்பதென்றால் ஆதாரம் காட்ட வேண்டும்.

குரல் இன்னும் இருக்கிறது. முன்பு காதுக்குள்ளேயே நின்று கத்தியது. இப்போது பக்கத்துத் தெருவிலிருந்து கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. காலையில் இரண்டு மாத்திரை, ராத்திரி இரண்டு. பகலெல்லாம் தூக்கம்.

கொச்சிக்கு அனுப்பியது நல்லது. அங்கேயே இருக்கட்டும் அந்த அருள்மணி. நான் வந்து சேரும்வரை அவனைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்.

அப்பா என்ன சொன்னார்?

அன்புடன்,
அருள்மணி


பட்டினச்சேரி
11.5.2025

கொச்சித் துறைமுகத்தின் தன்னிகரில்லாத் தொழிலாளி, மதிப்பிற்குரிய அண்ணன் அருள்மணி அவர்களுக்கு, அம்மி அரைத்துக் கைவலித்துப்போன குடும்பத்தினரின் அன்பு. நலம், நலம், நலம். அங்கும் அப்படியே ஆகட்டும்.

உன் கடிதத்தைத் தமிழ் இலக்கணப்படி ஆராய்ந்தேன். குறிலுக்கு ஒரு மாத்திரை. நெடிலுக்கு இரண்டு. இழுத்து இழுத்துப் பாடினால் மூன்று. நாலு மாத்திரைக்கு எழுத்தே கிடையாது, அண்ணே! இலக்கணத்தையே தாண்டிவிட்டாய். எங்கள் தமிழ் ஐயாவைக் கேட்டால் மயங்கி விழுவார். (உனக்கென்று சொல்லவில்லை. பொதுவாகக் கேட்பேன்.)

கொச்சி அருள்மணி உன்னைவிட நல்ல பிள்ளை. சாயங்காலம் ஆனால் கட்டன் சாயா, பழம்பொரி. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கிறான். கொஞ்சம் மலையாளமும் பேசுகிறான். போன வாரம் அம்மாவுக்கு ஒரு சேலை எடுத்து வைத்திருக்கிறான் என்று தெருவில் சொல்லிவிட்டேன். இப்போது எல்லோரும் சேலையைப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நீ வேலை பார்த்த விசைப்படகின் டிரைவர் அன்பழகன் இருக்கிறானே, அவன்தான் விடாமல் நம்பர் கேட்டுக்கொண்டிருந்தான். என் சிநேகிதனின் சிம் கார்டு நம்பரைக் கொடுத்தேன். ஐஸ் கம்பெனி மோட்டாருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தொண்டையைக் கரகரவென்று ஆக்கி, நீயாகவே மாறி, "அண்ணே, நடுக்கடல்ல இருக்கேன், சிக்னல் சுத்தமா இல்ல" என்றேன். "சிக்னல் இல்லாம எப்பட்றா பேசுற?" என்றான். அந்த நேரம் பார்த்து லைன் கட்டாகிவிட்டது. கட் பண்ணியது நான்தான். எஞ்சின் சத்தத்தில் ஆள் ஏமாந்தே போனான். என்ன நடிப்பு! சினிமாக்காரர்கள் என்னை இன்னும் கண்டுபிடிக்காததுதான் ஆச்சரியம்.

அப்பா நலம். வலை தைக்கிறார்.

இப்படிக்கு,
உன் குரலுக்குச் சொந்தக்காரன்,
சிலம்பு


மறுவாழ்வு இல்லம்
24.5.2025

அன்புத் தம்பிக்கு அண்ணன். இங்கே நலம். அம்மாவுக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

மாத்திரை விஷயத்தை டாக்டரிடம் சொன்னேன். "உங்க தம்பியைக் கூட்டிட்டு வாங்க, இலக்கணத்துக்கும் வைத்தியம் பாக்கலாம்" என்றார். நல்ல மனிதர். போன வாரம் உட்கார வைத்து எல்லாம் விளக்கினார். எனக்கு இருப்பது இரண்டு நோய். குரல் கேட்பது ஒன்று, குடி ஒன்று. குரல்தான் முதலில் வந்தது. பதினெட்டு, பத்தொன்பது வயதில். அதை யாரிடமும் சொல்லவில்லை. குடித்தால் கொஞ்ச நேரம் அடங்கியது. அதனால் குடித்தேன். பிறகு குடித்தாலும் அடங்கவில்லை. அப்போதும் குடித்தேன். நான் குடிகாரனாக இருந்ததால் பைத்தியம் பிடித்தது என்றுதான் ஊர் நினைக்கிறது. அது தலைகீழ்.

அந்தக் குரலுக்குப் பதில் சொல்லப் பழக்குகிறார்கள். பயப்படாமல், சண்டைபோடாமல். "இரு, எனக்கு வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்க வேண்டும். நான் இங்கே தோட்டத்தில் கத்தரிக்குத் தண்ணீர் விடுகிறேன். ஒரு நாளில் பத்துத் தடவையாவது "இரு, வேலை இருக்கு" என்கிறேன். பாய் சொல்கிறார், "இவ்வளவு வேலைக்காரனைக் கலெக்டர் ஆபீஸ்லகூட நான் பாத்ததில்ல தம்பி."

ஒன்று கேட்கிறேன். அப்பா என்ன சொன்னார் என்று போன முறையும் கேட்டேன். வலை தைக்கிறார் என்று எழுதியிருக்கிறாய். வலை தைப்பது எனக்கும் தெரியும். என்ன சொன்னார்?

அன்புடன்,
அருள்


பட்டினச்சேரி
16.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு, தம்பியின் வணக்கம். நலம். அம்மா முட்டிக்குத் தைலம் தேய்க்கிறாள். பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு. புத்தக மூட்டையைத் தூக்கினால் எனக்கும் முட்டி வலிக்கிறது.

நம் கரையில் தடைக்காலம் முடிந்து முந்தாநாள் ராத்திரி விசைப்படகுகள் போய்விட்டன. ஊரில் வேறு விசேஷம் இல்லை. எல்லாம் என் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கொச்சியைப் பற்றி இந்த முறை பெரிதாக எழுத ஒன்றும் இல்லை. மழை என்று கேள்வி.

அப்பா நலம்.

இப்படிக்கு,
சிலம்பு


பட்டினச்சேரி
4.7.2025

அன்புள்ள அண்ணே, இங்கு நலம். உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. தபால்காரரை மூன்று முறை வழிமறித்துவிட்டேன். "லவ் லெட்டரா?" என்கிறார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஏதாவது எழுது. கத்தரிக்காய் காய்த்ததா என்றாவது எழுது.

சிலம்பு


மறுவாழ்வு இல்லம்
14.7.2025

சிலம்பு,

அம்மா, அப்பா, நீ எல்லோரும் நன்றாக இருங்கள். எனக்குக் காய்ச்சல் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். காய்ச்சல் இல்லை.

நீ எழுதாததை அன்பழகன் ஜூன் கடைசியில் நேரில் வந்து சொல்லிவிட்டான். ஏன்டா, உன்னை நம் அம்மா பெற்றாளா, இல்லை மலை மேலிருந்து எடுத்து வந்தாளா? நம் கரை திறக்கும்போது கேரளாக் கரை விசைப்படகுக்கு மூடிவிடும் என்று கடலோரத்தில் பிறந்த கைக்குழந்தைக்குத் தெரியுமே! ஜூன் பத்தாம் தேதி அங்கே தடைக்காலம் தொடங்கிவிட்டது. போனவர்கள் எல்லாம் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்கள். நான் மட்டும் மூடிய கடலில் மீன் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். டீக்கடையில், "அருள்மணி எந்தக் கடல்ல இருக்கான்? ஆகாசக் கடலா?" என்று கேட்டுச் சிரித்தார்களாமே. நீ அப்போதும், கொச்சியில் எனக்கு மட்டும் ஸ்பெஷல் பர்மிட் என்று சொன்னாயாம். கடைசியில் அம்மாதான் ஏலக்கூடத்தில் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "எம் புள்ளை ஆஸ்பத்திரியில இருக்கான், போதுமா?" என்றாளாம்.

இன்னொன்று. போனில் பேசியது நீதான் என்று அன்பழகனுக்கு அன்றைக்கே தெரியும். நான் அவனை என்றைக்காவது அண்ணே என்று கூப்பிட்டிருக்கிறேனா? அவன் என்னோடு ஒன்றாகப் படித்தவன். "டேய் அன்பு" என்பதைத் தவிர என் வாயில் வேறு வராது. உன் நடிப்பைச் சினிமாக்காரர்கள் கண்டுபிடிக்காததில் ஆச்சரியம் இல்லை.

அவன் போன அன்று சாயங்காலம் தோட்டத்து வேலைக்கு வெளியே விட்டார்கள். தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு நடந்தேன். மெயின் ரோடு வரைக்கும் போனேன். மதுக்கடை இருந்தது. வரிசையில் நின்றேன். குரல் பக்கத்துத் தெருவிலிருந்து காதுக்கே வந்துவிட்டது. "ஊரே சிரிக்குது, இனிமே உனக்கு என்ன இருக்கு, வாங்கு" என்றது. "இரு, வரிசையில நிக்கிறேன்ல" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ரூபாய் நோட்டு இலை மாதிரி ஆடியது. என் கையைப் பார்த்தேன். ஆடவில்லை.

வரிசையை விட்டு வெளியே வந்தேன். திரும்பி நடந்து போய் நானே இல்லத்தின் மணியை அடித்தேன். மறுபடி, புதிதாக வருகிறவர்களைப் போடும் முதல் வார்டில் போட்டுவிட்டார்கள். அங்கே கடிதமெல்லாம் கிடையாது. அதனால்தான் பதில் இல்லை. பாய் பார்த்ததும், "என்ன தம்பி, கடையில சரக்கு சரியில்லையா?" என்றார். மனிதர் அழுதிருந்தார் என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

வார்டில் படுத்துக்கொண்டு யோசித்தேன். குடித்துவிட்டு ரோட்டில் கிடந்தபோது நான் வெட்கப்படவில்லை. குடிக்காமல் இருக்க வைத்தியம் பார்ப்பதற்கு எதற்காக வெட்கப்படுகிறேன்? நம் தெருவில் சர்க்கரைக்கு மாத்திரை போடாத வீடு எது? அவர்களையெல்லாம் கொச்சிக்கா அனுப்பினோம்? மாசி மகத்தில் சாமியை மறித்தேன் என்கிறார்கள். நோயில் மறித்தேன், சரி. கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான். அக்காவைக் கட்டியவரிடம் மச்சினன் கேட்காமல் யார் கேட்பது?

இந்த ஊர் மண்ணை மிதிக்க மாட்டேன் என்று சொன்னேனே, அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். மிதிப்பேன். அந்தக் கொச்சி அருள்மணியை இன்றோடு வேலையிலிருந்து நிறுத்திவிடு. யார் கேட்டாலும் உண்மையைச் சொல். உனக்குத்தான் வாய் இருக்கிறதே, அதை ஒரு தடவை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்து.

அருள்மணி


பட்டினச்சேரி
22.7.2025

வீரத்தில் சிறந்த அண்ணனுக்கு, அவனுக்குச் சற்றும் குறையாத தம்பி எழுதிக்கொள்வது. எல்லோரும் நலம். உன் கை ஆடவில்லை என்று படித்ததிலிருந்து நான்தான் ஆடிக்கொண்டிருக்கிறேன்.

கொச்சிச் சமாசாரத்துக்கு மன்னித்துவிடு. ஸ்பெஷல் பர்மிட் கொஞ்சம் ஓவர்தான். ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஈடுகட்டிவிட்டேன். கேள்.

ஞாயிற்றுக்கிழமை ஏலக்கூடத்தில் படகுக்காரர்கள் கூடினார்கள். வலைப் பிரச்சனை, டீசல் பிரச்சனை எல்லாம் பேசி முடித்ததும் முத்தமிழ் மாமா உன் பேச்சை எடுத்தார். "சொக்கநாதன் மவன் திரும்பி வரப்போறானாம். வரட்டும், நல்லா இருக்கட்டும். ஆனா கடல்ல ஏறக்கூடாது. நடுக்கடல்ல அவனுக்குப் புத்தி பெரண்டுச்சுன்னா கூட இருக்கறவன் கதி என்ன? எந்தப் படகும் அவனை ஏத்தக் கூடாதுன்னு ஒரு முடிவா சொல்லிப்புடுங்க" என்றார். பல பேர் தலையாட்டினார்கள்.

நான் எழுந்தேன். நேராகப் போய் மைக்கைப் பிடித்தேன். "பெரியவங்களுக்கு வணக்கம். எங்க அண்ணன் சாப்புடுறது மாத்திரை. சாயங்காலம் ஆனா இங்க பாதிப் பேரு சாப்புடுறது என்னன்னு நான் சொல்லணுமா? போதையில படகு ஓட்டுறவனை நம்பி ஏறுவீங்க, மருந்து சாப்ட்டு வலை இழுக்குறவனை ஏத்தமாட்டீங்களா? அவன் தலையில என்ன இருக்குன்னு டாக்டரு பார்த்துச் சொல்லிட்டாரு. உங்க தலையில என்ன இருக்குன்னு யாரு பார்த்தா?" என்றேன். கடைசியாக, "உங்க படகுல யாரு எடம் கேட்டா? அவன் எங்க படகுல ஏறுவான். எங்க வலையை இழுப்பான்" என்று சொல்லி மைக்கை வைத்தேன். கைதட்டல், கைதட்டல், ஒரே கைதட்டல். முத்தமிழ் மாமா என் முதுகில் தட்டினார். அன்பழகன் கண் கலங்கி, "விசைப்படகுலயும் அவன் எடம் அப்படியே இருக்கு, வரச்சொல்லு" என்றான்.

ஆகவே ஊர் உன் கையில். எப்போது விடுகிறார்கள்?

அம்மா ஒரு யோசனை சொல்கிறாள். கடைசிப் பஸ்ஸில் இருட்டினதற்கப்புறம் வா. பக்கத்து ஊர் நெரவியில் அவள் வழக்கமாக மீன் கொடுக்கும் சொர்ணாம்பாள் வீட்டில் பின்கட்டு காலியாக இருக்கிறது. அங்கே ஒரு மாதம் இருந்துவிட்டு, பேச்சு அடங்கியதும் வீட்டுக்கு வரலாமாம்.

இப்படிக்கு,
மைக் பிடித்த தம்பி,
சிலம்பரசன்


மறுவாழ்வு இல்லம்
29.7.2025

அன்புத் தம்பி சிலம்பரசனுக்கு, அண்ணன் ஆசிகள். நான் நலம். இந்த முறை ஒப்புக்கு எழுதவில்லை, உண்மையாகவே நலம்.

உன் கடிதத்தை வியாழக்கிழமைக் கூட்டத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். "உங்க தலையில என்ன இருக்குன்னு யாரு பார்த்தா" என்ற இடத்தில் இங்கேயும் கைதட்டினார்கள். பாய், "தம்பிக்குச் சட்டை அளவு என்ன? ஒண்ணு தைச்சுக் குடுக்குறேன்" என்றார். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேருக்கு ஊரில் அப்படிப் பேச ஆள் கிடையாது. எனக்கு இருக்கிறது. அதை நினைத்துக்கொண்டு அன்று ராத்திரி நல்ல தூக்கம். குரல் கூப்பிட்டதா என்றுகூடத் தெரியவில்லை.

டாக்டரிடம் கடலைப் பற்றிக் கேட்டேன். முத்தமிழ் மாமா கேட்டதில் தப்பில்லை, அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். மாத்திரை விடக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது, அதனால் ராத்திரிக் கடல் வேண்டாம், விசைப்படகு இப்போதைக்கு வேண்டவே வேண்டாம் என்றார். விடிந்ததும் கரையோரமாகப் போய் மதியம் திரும்புகிற சின்னப் படகு, கூட விவரம் தெரிந்த ஒரு ஆள் இருந்தால் சரி. மாதாமாதம் வந்து பார்த்தபிறகு மேலே யோசிக்கலாம் என்றார். அப்பாவின் ஃபைபர் படகு அப்படிப்பட்டதுதான். ஆனால் அவர் என்னை ஏற்றுவாரா என்று தெரியவில்லை.

அம்மாவிடம் சொல். கடைசிப் பஸ் முடியாது. நெரவியும் முடியாது. திருடிக்கொண்டு போனவன்தான் இருட்டில் வருவான். நான் ஆகஸ்ட் பத்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, வெயில் கொளுத்தும்போது காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் இறங்குவேன். மாத்திரைப் பையைக் கையிலேயே வைத்திருப்பேன், உள்ளே ஒளிக்கமாட்டேன். வீட்டுக்குப் போகும் முன் நேராக ஏலக்கூடத்துக்கு வந்து, கைதட்டின அத்தனை பேருக்கும் கையெடுத்துக் கும்பிட்டு நன்றி சொல்வேன். இதற்கெல்லாம் தைரியம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறாய்? நீ பேசினாய். அதனால் வந்தது.

அப்பா என்ன சொன்னார் என்று இனிமேல் கேட்கமாட்டேன். ஒன்றும் சொல்லவில்லை என்று புரிந்துவிட்டது. போகட்டும். வீட்டில் ஒருத்தன் பேசினானே, அது போதும்.

அன்புடன்,
அருள்மணி


பட்டினச்சேரி
3.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி சிலம்பரசன். அம்மா நலம். அப்பா நலம். நான் நலமில்லை. உன் கடிதம் வந்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. பாய்க்கு என் சட்டை அளவைத் தயவுசெய்து சொல்லிவிடாதே.

நீ பத்தாம் தேதி ஏலக்கூடத்துக்குப் போய்க் கும்பிட்டு நிற்பதை நினைத்துப் பார்த்தேன். அதனால் எழுதுகிறேன். அங்கே யாரும் கைதட்டவில்லை, அண்ணே.

கூட்டம் நடந்தது நிஜம். முத்தமிழ் மாமா பேசியது நிஜம். நான் எழுந்து போய் மைக்கைப் பிடித்ததும் நிஜம். "பெரியவங்களுக்கு வணக்கம்" வரைக்கும் நிஜம். அப்புறம், "எங்க அண்ணன்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. மறுபடி, "எங்க அண்ணன்" என்றேன். எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். பின்னால் ஒருத்தன், "கொச்சியில இருந்து லைன் கட்டாயிடுச்சுடோய்" என்றான். ஏலக்கூடமே சிரித்தது. நான் அழுதுவிட்டேன். மைக்கில் அழுதேன், ஸ்பீக்கரில் கேட்டது. ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் ஓடிப் போய் உட்கார்ந்துகொண்டேன். அந்த "உங்க தலையில என்ன இருக்கு" டயலாக் எல்லாம் அன்றைக்கு வீட்டுக்கு வந்து யோசித்தது. அன்பழகன் கண் கலங்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு கிளம்பிவிட்டான். விசைப்படகில் உன் இடத்தில் வேறு ஆள் ஏறியாகிவிட்டது.

ஒரே ஒரு வரி மட்டும் அங்கே நிஜமாகவே பேசப்பட்டது. "உங்க படகுல யாரு எடம் கேட்டா? அவன் எங்க படகுல ஏறுவான். எங்க வலையை இழுப்பான்." பேசியது நான் இல்லை. அப்பா. ஐஸ் பெட்டிக்குப் பின்னாலிருந்து கேட்டேன். மைக் இல்லாமல், உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கக்கூடச் செய்யாமல் சொன்னார். முத்தமிழ் மாமா, "யோசிச்சுப் பேசு சொக்கநாதா" என்றார். அப்பா, "நாலு மாசமா அதைத்தான் செஞ்சேன்" என்றார். அப்புறம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கூட்டம் ஒரு முடிவும் எடுக்கவில்லை. பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்கள். எதிர்க்கிறவர்கள் இன்னும் எதிர்க்கிறார்கள்.

அந்த வரியை நான் எடுத்துக்கொண்டேன். ஓடிப்போய் ஒளிந்தேன் என்று எழுதக் கூச்சமாக இருந்தது. அதற்கு முன்பு நீ கேட்டபோதெல்லாம் நான் மறைக்கவில்லை. அப்பா உன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை, அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் கடிதத்தில் அவரை வலை தைக்கவைத்தேன். பேசியபோது அதை நான் பேசியதாக எழுதிவிட்டேன். இதைவிடக் கேவலமான திருட்டை நான் செய்ததில்லை. இப்போது அவர் பழைய ஆள் ஒருவரோடு கடலுக்குப் போய் வருகிறார். வேறு ஆள் வேண்டுமா என்று கேட்பவர்களிடம், "ஆளு வருது" என்கிறார். நீ பகல் பஸ்ஸில் வருகிறாய் என்று உன் கடிதத்தைச் சத்தமாக வாசித்தேன். அம்மா அழுதாள். அப்பா, "எத்தினி மணிக்கு?" என்று மட்டும் கேட்டார்.

கைதட்டல் இல்லாத ஊருக்குப் பகல் பஸ்ஸில் வருவதா வேண்டாமா என்று நீ முடிவு பண்ணு. வந்தால் பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பேன். ஊரைத் திரட்டிக்கொண்டு வருவேன் என்று எழுத வந்தது கை. அடக்கிவிட்டேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். மாசி மகத்தன்று நான் முன்வரிசையில் நிற்கவில்லை. உன்னைப் பார்த்துப் பயந்து பின்னால் ஓடிவிட்டேன். அன்றிலிருந்து நீ வேனில் ஏறும்வரை உன் பக்கத்துப் பாயில் படுத்துக்கொண்டு தூங்குவது போல நடித்தேன். அந்த நடிப்பை மட்டும்தான் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பயம் இப்போதும் கொஞ்சம் இருக்கிறது, அண்ணே. பஸ்ஸிலிருந்து நீ இறங்கும்போது நான் ஏதாவது ஜோக் அடித்தால் அதனால்தான் என்று வைத்துக்கொள். அடிக்காமல் நின்றால், "எங்க அண்ணன்" என்பதற்கு மேல் அன்றைக்கும் வரவில்லை என்று வைத்துக்கொள்.

இப்படிக்கு,
ஒன்றுமே பேசாத தம்பி,
சிலம்பு